பழைய கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு: முதலில் கேபினெட்டைத் திறங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம்

2012, 2013 வாக்கில் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. உள்ளே ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இருக்கும். இல்லையென்றால், ஏதோ ஒரு ஐடி கம்பெனி கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 சென்னை ரிச்சி தெரு வழியாக செகண்ட் ஹேண்டில் வீட்டுக்கு வந்திருக்கும். (டெல் 2023-இல் அதே 7010 என்ற பெயரில் புது மாடல் ஒன்றையும் விட்டது. நான் சொல்வது பழையதை.) இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே வேகம். "புது கம்ப்யூட்டர் வேண்டாம்ப்பா, ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா போதும்" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கம்ப்யூட்டர்களை வைத்துத்தான்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடையில் போய் "பட்ஜெட்ல ஒரு கார்டு குடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால், கைக்கு வருவது அநேகமாக ஜிடி 710, அல்லது பெட்டியில் ‘4 ஜிபி’ என்று பெரிதாக அச்சடித்த ஜிடி 730. போட்டுப் பார்த்தால் கேம் பழையபடியே திக்கும்.

பழைய கம்ப்யூட்டருக்கு கார்டு வாங்கும்போது நம் விருப்பத்துக்கு இருக்கும் இடம் கொஞ்சம்தான். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி), கேபினெட், ஸ்லாட், பிராசசர் நான்கும் சேர்ந்து பட்டியலை மூன்று நான்கு கார்டுகளாகச் சுருக்கிவிடும். விலை பேசுவது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் படி: கார்டு தேவைதானா?

கம்ப்யூட்டர் ஆன் ஆக மூன்று நிமிஷம், குரோம் திறக்க அரை நிமிஷம் என்றால் அது கிராபிக்ஸ் கார்டின் வேலையே இல்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். கார்டு வாங்க வைத்திருக்கும் பணத்தில் மீதியும் இருக்கும்.

யூடியூப் வீடியோ விட்டுவிட்டு ஓடுகிறதா? வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறங்கள். கோடெக்ஸ் என்ற வரியில் விபி9 அல்லது ஏவி1 (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் புதிய வடிவங்கள்) என்று வந்தால் காரணம் புரிந்துவிடும். ஐ5-3470-இல் உள்ள எச்டி 2500 ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு அந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாது. மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். பிரவுசரில் எச்264இஃபை என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் பழைய எச்.264 வடிவத்தில் வீடியோவை அனுப்பும். 1080பி வரை சிக்கல் இல்லாமல் ஓடும். செலவு பூஜ்யம்.

ஷேர் டிரேடிங்குக்கு இரண்டு மானிட்டர் வேண்டும் என்று கார்டு தேடுகிறவர்களும் உண்டு. மதர்போர்டின் பின்பக்கம் விஜிஏவோடு டிவிஐ அல்லது எச்டிஎம்ஐ போர்ட்டும் இருந்தால், இரண்டு மானிட்டரை அப்படியே மாட்டலாம். இந்தக் காலத்து இன்டெல் ஆன்போர்டு கிராபிக்ஸ் அதைத் தாங்கும்.

இன்னொன்று. 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா, 4 ஜிபியாக இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆன்போர்டு கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இந்த ரேமையேதான் பயன்படுத்தும். 1600 மெகாஹெர்ட்ஸ் டிடிஆர்3 ரேம் ஒரு குச்சி மட்டும் இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி வேகம். இரண்டு குச்சி இருந்தால் 25.6 ஜிபி. சாதாரண டிடிஆர்3 ஜிடி 730-இன் மெமரி வேகம் எவ்வளவு தெரியுமா? 14.4 ஜிபி. கடையில் ஆசை காட்டும் அந்தக் கார்டின் மெமரி, உங்கள் மதர்போர்டில் இரண்டு குச்சியாகப் போட்ட ரேமைவிட மெதுவானது.

இவை எதுவும் உங்கள் பிரச்சினை இல்லை, கேம் ஆடத்தான் வேண்டும், வீடியோ எடிட் செய்யத்தான் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய முக்கியமான ஆவணம் இதுதான்.

கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பல சமயம் அது வாட் அளவு இல்லை, வெறும் மாடல் நம்பர். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் கரண்ட் எடுப்பது 12 வோல்ட் லைனிலிருந்து. ஆகவே ஸ்டிக்கரில் உள்ள சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 16 ஆம்ப் என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். 450 என்று எழுதிய பெட்டியால் உருப்படியாகத் தர முடிவது அவ்வளவுதான். அதுவும் அந்த லேபிள் உண்மை சொன்னால்.

இனி கணக்கு. ஐ5-3470 முழு வேகத்தில் 77 வாட் எடுக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 50 வாட் வைத்துக்கொண்டால் மொத்தம் 200 வாட் பக்கம் வரும். பெரிய கேபினெட் ஆப்டிபிளெக்ஸ் 7010-இல் உள்ள 275 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும். பிராண்டட் கம்பெனிக்காரர்கள் போட்ட 275, லோக்கல் 450-ஐவிட நம்பகமானது என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நிஜம் அதுதான்.

75 வாட்டுக்கு மேல் எடுக்கும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக 6 பின் (இன்னும் 75 வாட்) அல்லது 8 பின் (150 வாட்) வயர் வர வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லையென்றால், அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதில்லை என்று அர்த்தம். கடையில் "கன்வர்ட்டர் வயர் போட்டுக்கலாம் சார்" என்பார்கள். சாட்டா பவரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அந்த வயர் சூடேறி உருகிவிடும். ஐம்பது நூறு ரூபாய் வயரை நம்பி மதர்போர்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாமே என்றால், அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் தாராளமாக மாற்றலாம். கம்பெனி மாடல்களில்தான் பார்த்துச் செய்ய வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் பெரிய கேபினெட்டில் வழக்கமான 24 பின் வயர்தான். ஆனால் அடுத்து வந்த 9020, 3020 மாடல்களில் டெல் தனக்கென்று ஒரு 8 பின் வயர் வைத்துவிட்டது. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் 6 பின். இவற்றில் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது.

யுபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். 75 வாட் கார்டு போட்டால் கவலையில்லை. 185 வாட் எடுக்கும் ஆர்எக்ஸ் 580 போட்டுவிட்டு, கேம் நடுவில் கரண்ட் போனால், யுபிஎஸ் கத்திவிட்டு அணையவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாம் படி: ஸ்லாட்டும் இடமும்

மதர்போர்டில் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். அசெம்பிள்டில் கட்டாயம் இருக்கும். ஆப்டிபிளெக்ஸ் 7010-இலேயே மிகச் சின்ன யுஎஸ்எஃப்எஃப் மாடலில் அது கிடையாது. அதோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, ஸ்லாட்டுக்கு நேராகக் கேபினெட்டின் பின்பக்கம் உள்ள தகடு எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 12 செ.மீ. என்றால் சாதாரண கார்டு உட்காரும். 8 செ.மீ. என்றால் லோ புரொஃபைல் கார்டுதான். அதோடு, பெட்டிக்குள் குட்டைத் தகடு சேர்த்துத் தருகிறார்களா என்றும் கேட்டு வாங்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார்டுகளில் முதலில் தொலைவது அந்தத் தகடுதான்.

சின்னக் கேபினெட்டில் இன்னொரு தொந்தரவு: சில மாடல்களில் எக்ஸ்16 ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டின் ஃபேன் அங்கே முட்டும். அப்படியென்றால் ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டும்தான் வழி.

ஸ்லாட்டின் தலைமுறையும் முக்கியம். ஐ5-2400 மாதிரி இரண்டாம் தலைமுறை பிராசசரில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 கிடைக்கும். ஐ5-3470-இல், மதர்போர்டும் ஒத்துழைத்தால், 3.0 கிடைக்கும். எந்தக் கார்டும் எந்த ஸ்லாட்டிலும் ஓடும் என்பார்கள். ஓடும்தான், எப்படி ஓடும் என்பதில்தான் விஷயம். ஆர்எக்ஸ் 6400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்தது, 53 வாட், லோ புரொஃபைலிலும் கிடைக்கும். பேப்பரில் பார்த்தால் பழைய கம்ப்யூட்டருக்காகவே செய்த மாதிரி இருக்கும். ஆனால் ஏஎம்டி அதற்கு நான்கே லேன் (டேட்டா போய்வரும் பாதை) கொடுத்தது. புதிய 4.0 ஸ்லாட்டில் அந்த நான்கு லேன் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும். 3.0-இல் அது 4 ஜிபி. 2.0-இல் வெறும் 2 ஜிபி. கார்டில் உள்ள 4 ஜிபி மெமரி நிரம்பியதும், மீதியை இந்த வழியாகத்தான் ரேமிலிருந்து இழுக்க வேண்டும். கேம் ஆடும்போது அந்த இடத்தில்தான் வெட்டி வெட்டி ஓடும். ஐ5-2400 வைத்திருப்பவர்கள் இந்தக் கார்டை மறந்துவிடலாம்.

இன்டெல்லின் ஆர்க் ஏ380-ஐயும் தவிர்த்துவிடுங்கள். ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும். இன்டெல்லே பத்தாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் அதைப் பரிந்துரைக்கிறது.

நான்காம் படி: பிராசசர் தாங்குமா?

கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் கார்டுக்குச் செலவு செய்யவே வேண்டாம். புதிய கேம்கள் கேட்கும் எஸ்எஸ்இ 4.2 போன்ற கட்டளைகளே அந்த பிராசசரில் கிடையாது. எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் கேம் திறக்காது. ஐ3-2100 போன்ற இரண்டு கோர் பிராசசருக்கு ஜிடி 1030 அளவில் நிறுத்திக்கொள்ளலாம். நான்கு கோர் ஐ5-3470, ஐ5-4570 இருந்தால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 வரை போகலாம். அதற்கு மேல் போனால் கார்டு சும்மா காத்திருக்கும்; பிராசசர் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கும்.

எந்தக் கேமுக்கு எவ்வளவு என்று ஒரு அளவு வேண்டுமானால் வேலரன்டைப் பாருங்கள். அதைத் தயாரித்த ரயட் நிறுவனம் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு இன்டெல் எச்டி 4000, 60 ஃபிரேமுக்கு ஜிடி 730, 144 ஃபிரேமுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்கிறது. அதாவது இந்த மாதிரி லேசான போட்டி கேம்களுக்கு மலைபோல் கார்டு தேவையில்லை. ஜிடிஏ 5 போன்ற பெரிய கேம்களுக்குத்தான் 4 ஜிபி மெமரியும் 1050 டிஐ வேகமும் வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: பெட்டியில் எழுதியதை நம்பாமல் படிப்பது

கார்டு விற்பனையில் பெரிய ஏமாற்று ‘எத்தனை ஜிபி’ என்பதுதான். 4 ஜிபி டிடிஆர்3 கார்டு என்பது மொட்டை மாடியில் பெரிய டேங்க் கட்டிவிட்டு, அரை இஞ்ச் குழாய் போட்ட கதை. பார்க்க வேண்டியது மெமரியின் வகை: ஜிடிடிஆர்5 அல்லது ஜிடிடிஆர்6 என்று இருக்க வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 என்றால் வேண்டாம்.

ஜிடி 1030 இதற்குச் சரியான உதாரணம். 2017-இல் வந்தபோது ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் என்விடியா அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்றை விட்டது: 16.8 ஜிபி. பெயர் ஒன்று, பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்று, வேகமோ கேமில் பாதிக்குப் பாதி குறைகிற அளவு வித்தியாசம். கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம். "அண்ணா, இது டிடிஆர்4-ஆ, ஜிடிடிஆர்5-ஆ? பெட்டியைத் திருப்பிக் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஜிடி 730 இன்னும் மோசம். ஒரே பெயரில் மூன்று கார்டுகள். ஒன்று பழைய ஃபெர்மி தலைமுறை, 96 கோர், டிடிஆர்3. இன்னொன்று கெப்ளர், 384 கோர், 64 பிட் டிடிஆர்3. மூன்றாவது கெப்ளரிலேயே ஜிடிடிஆர்5. மூன்றாவது மட்டுமே ஏதோ பரவாயில்லை ரகம். இணையத்தில் ஆர்டர் போடும்போது மெமரி வகை எழுதாத பக்கத்தைக் கண்டால் மூடிவிட்டுப் போய்விடுங்கள். எழுதாததற்குக் காரணம் இருக்கும்.

ஆறாம் படி: யாருக்கு எது

மதர்போர்டின் டிஸ்பிளே போர்ட் செத்துவிட்டது, அல்லது ஆன்போர்டு கிராபிக்ஸே இல்லாத பிராசசர், படம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு மட்டும் ஜிடி 710. 19 வாட், பழைய விஜிஏ மானிட்டருக்கும் நேரடியாகப் போகும். கேமுக்கு இதை வாங்கவே வேண்டாம். வீடியோவுக்குக்கூட இது பெரிய உதவி இல்லை, விபி9 இதற்கும் தெரியாது.

வீடியோ பார்க்க, ஆபீஸ் வேலை, பழைய கேம் என்றால் ஜிடிடிஆர்5 ஜிடி 1030. 30 வாட், பல மாடல்களில் ஃபேன்கூடக் கிடையாது, விபி9 சுலபமாகப் பிரிக்கும். ஒரு குறை: வீடியோ என்கோடர் இதில் இல்லை. ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங், யூடியூப் லைவ் என்று திட்டம் இருந்தால் இது உதவாது. ஆர்எக்ஸ் 6400-இலும் என்கோடர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 550 இதற்கு இணை. 50 வாட். லினக்ஸ் போடுபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். டிரைவர் கெர்னலோடு வந்துவிடும், தேடி அலைய வேண்டாம்.

கேம்தான் குறி என்றால், பெரிய கேபினெட்டுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஜிடிஎக்ஸ் 1650. இரண்டும் 75 வாட், 4 ஜிபி. 6 பின் வயர் இல்லாத மாடலாகப் பார்த்து எடுங்கள். 1650-இல் பல கம்பெனிகள் 6 பின் வைத்தும் விற்றிருக்கின்றன. இரண்டில் எது என்றால் தயங்காமல் 1650. வேகமும் கூட, டிரைவர் விஷயத்திலும் அதற்கு ஆயுள் அதிகம். அதைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

சின்னக் கேபினெட் வைத்திருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒரு வகை உண்டு: குவாட்ரோ. கட்டட வரைபடம், டிசைன் ஆபீஸ்களில் இருந்து கழித்துவிடும் கார்டுகள். குவாட்ரோ பி620 40 வாட், 512 கோர், 2 ஜிபி ஜிடிடிஆர்5. டி600 அதே 40 வாட், 640 கோர், 4 ஜிபி. டி1000 50 வாட்டில் 896 கோர், அதாவது 1650-இல் உள்ள அதே எண்ணிக்கை. எல்லாமே லோ புரொஃபைல், ஒற்றை ஸ்லாட். கேம் ஆடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, நன்றாகவே ஓடும். மினி டிஸ்பிளே போர்ட் மட்டும்தான் இருக்கும் என்பதால் கன்வர்ட்டர் சேர்த்து வாங்க வேண்டும். இவற்றைக் கேமர்கள் தேடுவது குறைவு. அதனால் பேரம் பேச இடம் இருக்கும்.

இன்னும் ஓரிரு வருஷத்தில் புது கம்ப்யூட்டர் வாங்கத் திட்டமா? அப்படியானால் 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடலை யோசிக்கலாம். 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர் வேண்டாம். பழைய ஐ5 அதை முழுசாக ஓட்டாது. ஆனால் கழற்றிப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். 8 ஜிபி மாடல் 130 வாட், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: டிரைவர், மானிட்டர்

கார்டு நன்றாக இருந்தும் டிரைவர் நின்றுபோனால் புதிய கேம்கள் மக்கர் செய்யும். ஜிடி 710, கெப்ளர் ஜிடி 730 இரண்டுக்கும் கேம் டிரைவர் 2021-லேயே நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, ஜிடி 1030 இவற்றுக்கு 2025 அக்டோபரோடு வழக்கமான கேம் டிரைவர் முடிந்தது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. 1650-உம் டி600, டி1000-உம் இந்த வெட்டில் சிக்காத அடுத்த தலைமுறை. ஏற்கெனவே ஆடும் கேம்களுக்கு 1050 டிஐ இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் விலை அருகருகே இருந்தால் எதை எடுப்பது என்பதில் குழப்பம் வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்காது. கார்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்யும்போது இதையும் மனதில் வையுங்கள். என் அளவுகோல் எளிது: அந்தக் கம்ப்யூட்டரை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ, கார்டு விலை அதைத் தாண்டக் கூடாது. கூடவே கழற்றிக்கொண்டு போகப்போகிற கார்டு என்றால் மட்டும் விலக்கு.

மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கிறதா? ஜிடி 1030 தொடங்கி மேலே சொன்ன புதிய கார்டு எதிலும் விஜிஏ கிடையாது. சிப் உள்ள எச்டிஎம்ஐ - விஜிஏ கன்வர்ட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் வெறும் பிளக் இதற்குப் பொருந்தாது. கார்டின் டிவிஐ போர்ட்டில் தட்டையான நீளத் துளையைச் சுற்றி நான்கு சின்ன ஓட்டைகள் இருந்தால்தான் அந்த பிளக் வேலை செய்யும். 10 தொடர் கார்டுகளில் அந்த நான்கும் இருக்காது.

எட்டாம் படி: செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

மேலே சொன்னவற்றில் பல இப்போது பழைய கார்டாகத்தான் கிடைக்கும். அதில் தப்பில்லை. சில விஷயங்களை மட்டும் கடையிலேயே நின்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு பென்டிரைவில் கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு எடுத்துப் போங்கள். கடைக் கம்ப்யூட்டரில் கார்டை மாட்டச் சொல்லி அதைத் திறந்து பாருங்கள். உண்மையான 1050 டிஐ என்றால் ஜிபி107 சிப், 768 ஷேடர் (மேலே கோர் என்று சொன்னதுதான்), 128 பிட், 112 ஜிபி வேகம் என்று காட்டும். போலிகள் நிறைய உலவுகின்றன: பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்திருப்பார்கள். விண்டோஸ் அந்தப் பெயரை அப்படியே நம்பும். ஜிபியு-இசட் நம்பாது, 2018-இல் வந்த பதிப்பிலிருந்து பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுக் காட்டிவிடும். மென்பொருள் இல்லாமலேயே ஒரு அடையாளம் உண்டு: ‘1050 டிஐ’ என்று சொல்லும் கார்டில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால், கையில் வாங்கக்கூட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் மாற்றத் தயாராக இருந்து ஆர்எக்ஸ் 570, 580 பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டுவிடாது. ஃபேன் தேய்ந்திருக்கும், பயாஸ் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான் பல கேஸ்களில். ஆனால் 580 என்று விற்பதில் 2304 ஷேடருக்குப் பதில் 2048 என்று காட்டினால், அது 570-க்குச் சமமான கார்டு. விலையும் அப்படியே குறைய வேண்டும்.

பயப்பட வேண்டியது ‘சூடு பண்ணி’ சரிசெய்த கார்டுக்குத்தான். செத்த கார்டின் சிப்பை ஹீட் கன்னால் சூடாக்கினால் சில வாரம் உயிர் வரும், பிறகு போய்விடும். ஃபேனுக்கு இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள்: சிப்பைச் சுற்றி போர்டு பழுப்பேறி இருந்தால், பிசின் மாதிரி ஃபிளக்ஸ் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். கடலோர ஊர்களில் பயன்படுத்திய கார்டு என்றால் தகட்டிலும் ஸ்க்ரூவிலும் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்; வெளியே துரு என்றால் உள்ளே பின்களும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விடுங்கள். திரையில் கலர் புள்ளிகள், கோடுகள் வரக் கூடாது. சூடு 85 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகக் கூடாது. "டெஸ்ட் எல்லாம் பண்ண முடியாது தம்பி, எடுத்தா எடு" என்றால் அடுத்த கடை. டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: மாட்டுவது

பழைய கார்டு ஏதாவது இருந்தால் முதலில் டிடியு மென்பொருளால் அதன் டிரைவரை நீக்கிவிடுங்கள். பவர் வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, பின்தகட்டைக் கழற்றி, கார்டை நேராக வைத்து அழுத்துங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கி ‘டிக்’ என்று விழ வேண்டும். ஸ்க்ரூ போடாமல் விடாதீர்கள். கனமான கார்டு நாளடைவில் தொங்கும்.

மானிட்டர் வயரைக் கார்டில் மாட்டுங்கள். இது சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றும். கார்டு போட்டும் வித்தியாசமே இல்லை என்று வரும் புகார்களில், வயர் இன்னும் மதர்போர்டிலேயே இருக்கும் கேஸ்கள் நிறைய.

திரை கருப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். கார்டை எடுத்து, தங்க நிறப் பின்களை பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, ஊதிவிட்டு மறுபடி மாட்டுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் கார்டைக் கழற்றிவிட்டு ஆன்போர்டிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். பிரைமரி டிஸ்பிளே என்பதை பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். ரொம்பப் பழைய கார்டு என்றால் சிஎஸ்எம் (பழைய முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்க விடும் பயாஸ் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். கார்டு புதிது, போர்டு பழையது என்றால் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் கடைசி பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று தேடுங்கள். யுஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸ் இல்லாத போர்டுகளில் சில புதிய கார்டுகள் திரையே காட்டாது. அப்டேட் செய்யும்போது யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டு போய்விடும்.

படம் வந்ததும் என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து டிரைவர் போட்டு, ஜிபியு-இசட்டை மறுபடி திறந்து, பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் எக்ஸ்16 (1030, 6400-க்கு எக்ஸ்4; 710, 550, 3050-க்கு எக்ஸ்8) என்று வருகிறதா பாருங்கள். குறைவாகக் காட்டினால் கார்டு சரியாக உட்காரவில்லை. பிறகு வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பத்து வருஷத் தூசியோடு இருக்கும் கேபினெட்டில் கார்டின் சூடு 80-ஐத் தாண்டினால், குற்றம் கார்டு மேல் இல்லை: முன்பக்க வலையைச் சுத்தம் செய்து, பின்பக்கம் ஒரு 120 மி.மீ. ஃபேன் போட்டால் இறங்கிவிடும்.